கடலூர், பாண்டி பக்கம் ப்ளைவுட் வாங்கறவங்க என்கிட்ட கேக்கற கேள்விங்க

எங்கப்பா ஆசாரி. நான் உளி பிடிச்சத விட அளவு டேப் பிடிச்சதுதான் அதிகம், கடலூர்லயும் பாகூர், அரியாங்குப்பம் பக்கமும் கிச்சன், கப்போர்டு வேலை எடுத்து பண்றேன். வாரத்துக்கு நாலு போன் வருது, நாலுலயும் இதே கேள்விதான், அதனால ஒரே இடத்துல எழுதி வச்சுட்டேன், இனிமே கேக்கறவங்களுக்கு லிங்க் அனுப்பிட்டு நான் சாப்பிட போயிடுவேன்.

ப்ளைவுட்னா நிஜ மரமா, இல்ல தூள அரைச்சு ஒட்டுனதா?

நிஜ மரம்தாங்க. தூள அரைச்சு அமுக்குனா அது பார்ட்டிகிள் போர்டு, பஞ்சு மாதிரி நாராக்கி அமுக்குனா எம்டிஎஃப். ப்ளைவுட்ல முழு மரத்த ஊற வச்சு லேத்துல மாட்டி சுத்த விடுவாங்க, நீளமா ஒரு கத்தி அதை சீவிக்கிட்டே வரும், நாம ஷார்ப்பனர்ல பென்சில் சீவும்போது சுருள் சுருளா வருதே அதே மாதிரி பெரிய சுருளா மரம் வெளிய வரும். அதுக்கு பேரு வெனீர். அதை காயவச்சு, பசை தடவி, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, சூடான ப்ரெஸ்ல அமுக்குனா ப்ளைவுட்.

இதுல சூட்சுமம் அடுக்கறதுலதான் இருக்கு. மரம் ஈரம் குடிச்சா அகலத்துலதான் உப்பும், நார் போற நீளவாட்டுல கிட்டத்தட்ட உப்பவே உப்பாது. அதனால ஒரு அடுக்கு நேரா, அடுத்த அடுக்கு குறுக்கன்னு மாத்தி மாத்தி வப்பாங்க, ஒண்ணு உப்ப பாத்தா பக்கத்துல இருக்கறது இழுத்து பிடிச்சுக்கும். அடுக்கு எண்ணிக்கை ஒற்றைப்படையா இருக்கும், 5, 7, 9, 13 இந்த மாதிரி, அப்பதான் நடு அடுக்குக்கு ரெண்டு பக்கமும் இழுப்பு சமமா இருக்கும். கடையில ஓரத்த எண்ணி பாருங்க, 8 அடுக்கு 10 அடுக்குன்னு வந்தா கடைக்காரர்கிட்ட ஏன்னு கேளுங்க.

நம்மூருக்கு வர்ற ப்ளை எங்கேர்ந்து வருது?

பெரும்பாலும் ரெண்டு ஊரு. ஹரியானாவுல யமுனாநகர், அங்க பாப்லர் மரமும் யூகலிப்டஸும் விவசாயிங்க வயல்லயே வளத்து விக்கறாங்க. இன்னொண்ணு கேரளாவுல பெரும்பாவூர், அங்க ரப்பர் மரம். ஒரு காலத்துல அசாம் ப்ளைதான் பேர் போனது, 1996 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் காட்டு மரம் வெட்டறதுக்கு தடை போட்டதும் அங்க நிறைய மில்லு மூடிட்டாங்க, தொழில் இந்தப் பக்கம் நகந்துடுச்சு. அப்பறம் மேல் அடுக்குக்கு செவப்பா அழகா வருமே கர்ஜன், அது பர்மா மரம், 2014-ல அவங்களும் உருட்டுக்கட்டைய வெளிய அனுப்பறத நிறுத்திட்டாங்க. இன்னைக்கு கடையில "கர்ஜன் ஃபேஸ் சார்"னு ஒரு செவப்பு பலகைய காட்டுனா கொஞ்சம் ஈரத்துணிய வச்சு தேச்சு பாருங்க, பல தடவை துணி செவந்து போகும், சாயம்.

எம்ஆர், பிடபிள்யூஆர், மெரைன்... இதெல்லாம் மரத்தோட தரமா?

முக்கியமா பசையோட தரம். இது தெரியாமதான் பாதி பேர் காச விடறாங்க.

எம்ஆர், அதாவது மாய்ஸ்சர் ரெசிஸ்டன்ட், இத கடையில கமர்ஷியல்னு சொல்லுவாங்க, அதுல யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. காத்துல இருக்கற ஈரத்த தாங்கும், தண்ணி நின்னா தாங்காது. பிடபிள்யூஆர், அதாவது பாய்லிங் வாட்டர் ரெசிஸ்டன்ட், அதுல பீனால் இல்லன்னா மெலமைன் சேந்த பசை. இந்த ரெண்டுக்கும் ஐஎஸ் 303, இது இந்திய தர நிர்ணய நம்பர். மெரைன், அதாவது பிடபிள்யூபி (பாய்லிங் வாட்டர் ப்ரூஃப்), ஐஎஸ் 710, சுத்த பீனால் பசை, கூடவே வெனீருக்கு பூச்சி மருந்து ஏத்தியிருக்கணும். டெஸ்ட் எப்படின்னா, பிடபிள்யூஆர் துண்ட கொதிக்கற தண்ணியில மொத்தம் 8 மணி நேரம் போடுவாங்க. 710-க்கு 72 மணி நேரம், மூணு நாள் ராப்பகலா கொதிக்கணும், நெல்லு கூட அவ்ளோ நேரம் அவிக்க மாட்டோம். அதுக்கப்பறமும் அடுக்கு பிரியக்கூடாது.

கவனிங்க, "அடுக்கு பிரியக்கூடாது"ன்னுதான் சொன்னேன், "உப்பாது"ன்னு சொல்லல. கீழ வர்ற வெள்ளக் கேள்விக்கு அதுதான் பதில்.

நாங்க சில்வர் பீச் பக்கம், கடல் காத்து. எல்லாத்துக்கும் மெரைன் போட்டுடலாமா அண்ணே?

காசு இருந்தா போடுங்க, ஆனா கடல் காத்து மொதல்ல தின்னறது ப்ளைவுட்ட இல்ல, ஸ்குரூவையும் கீலையும்தான். தேவனாம்பட்டினத்துல ஒரு வீட்ல எல்லாமே மெரைன் போட்டு, சாதா இரும்பு ஹிஞ்ச் மாட்டியிருந்தாங்க, வேற யாரோ பண்ண வேலை. ரெண்டு வருஷத்துல பலகை கல்லு மாதிரி இருக்கு, கதவு எல்லாம் தொங்குது, துருப்பிடிச்ச ஸ்குரூவ கழட்டவே முடியல. அந்த வித்தியாச காசுல பாதிய போட்டிருந்தா எல்லா கதவுக்கும் எஸ்எஸ் 304 (துருப்பிடிக்காத ஸ்டீல்) கீல், எஸ்எஸ் ஸ்குரூ வாங்கியிருக்கலாம்.

நான் போடறது இப்படி: சிங்க் அடியில, பாத்ரூம் சுவத்துக்கு பின்பக்கம் ஒட்டுன கப்போர்டு, வாஷ் பேசின் கீழ, இதுக்கெல்லாம் 710. மத்த கிச்சன் பாக்ஸுக்கு பிடபிள்யூஆர். பெட்ரூம் கப்போர்டு, டிவி யூனிட்டுக்கு கூட நம்மூர்ல பிடபிள்யூஆர்தான் சொல்லுவேன், ஏன்னா ஐப்பசி கார்த்திகையில சுவரே வேர்க்குது. எம்ஆர் போடறது கட்டில் அடிப்பலகை, மாடி ரூம் ஷெல்ஃப், அவ்ளோதான். சுவரு கசியுதுன்னா எந்த ப்ளையும் போடாதீங்க, மொதல்ல கசிவ நிறுத்துங்க.

வெள்ளம் வந்தா மெரைன் தாங்கும்னு கடையில சொன்னாங்களே?

இதுக்கு கொஞ்சம் நீளமாதான் சொல்லணும்.

2015 வெள்ளத்துல எங்க அக்கா வீட்ல முழங்காலுக்கு தண்ணி, ரெண்டு நாள் நின்னுச்சு. அந்த கிச்சன நான்தான் பண்ணேன், தெரிஞ்ச கடையில தெரிஞ்ச விலைக்கு வாங்குன 710. தண்ணி வடிஞ்சதும் போய் பாத்தா பாக்ஸ் எல்லாம் நிமிந்து நிக்குது, அக்கா கூட "பரவால்லடா, நல்ல பலகைதான்"னு சொல்லிச்சு. ஒரு மாசம் போச்சு. கீழ் ஓரம் எல்லாம் வாய பொளந்துக்குச்சு, மைக்கா தூக்கிக்கிச்சு, உள்ள கறுப்பு பூஞ்சணம், அரிசி டப்பா எல்லாத்துலயும் அந்த வாசனை. பசை விடலங்க, அதை நான் ஒத்துக்கறேன், ஆனா மரம் தண்ணிய குடிச்சுடுச்சு. எப்படி குடிச்சுதுன்னா, நான் தரையில முட்டற ஓரத்துக்கு ஒண்ணுமே அடிக்கல. முன்பக்கம் கண்ணுக்கு தெரியற ஓரத்துக்கு அழகா பீடிங் ஒட்டியிருக்கேன், கீழ தெரியாத ஓரத்த பச்சையா விட்டிருக்கேன். நாரோட முனை அங்கதான் திறந்திருக்கு, ஸ்ட்ரா மாதிரி உறிஞ்சும். தப்பு என்னோடது, கடைக்காரர குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல.

அதுக்கப்பறம் நான் பண்ற வேலை எல்லாத்துலயும் ரெண்டு மாத்தம். ஒண்ணு, தரையில ப்ளை உக்காராது. 4 இஞ்சோ 6 இஞ்சோ செங்கல் திண்டு கட்டி, மேல கிரானைட் துண்டு போட்டு, அதுக்கு மேலதான் பாக்ஸ். ரெண்டு, வெட்டுன ஒவ்வொரு ஓரத்துக்கும், ஹோல் போட்ட இடத்துக்கும், பைப் போறதுக்கு ஓட்டை போட்ட இடத்துக்கும் சேத்து, ரெண்டு கோட் வுட் ப்ரைமரோ எபாக்சியோ அடிச்சுட்டுதான் மாட்டறது. ஒரு கிச்சனுக்கு இதுக்கு அரை நாள் கூலியும் ஒரு டப்பா ப்ரைமரும்தான் ஆகும்.

2024 நவம்பர் 30 ராத்திரி பெஞ்சல் புயல் பாண்டி பக்கம் கரைய கடந்துச்சு, அடுத்து சாத்தனூர் அணைய திறந்துவிட்டு பெண்ணையாத்துல தண்ணி வந்துச்சு இல்ல, அப்ப நாணமேடு பக்கம் நான் பண்ண ஒரு வீட்ல தண்ணி பூந்துச்சு. அங்க சாதா பிடபிள்யூஆர்தான், மெரைன் கூட இல்ல. திண்டு இருந்ததால பாக்ஸ் அடிப்பலகைய தண்ணி கொஞ்ச நேரம்தான் தொட்டுது, கதவு எல்லாத்தையும் கழட்டி நிழல்ல காயவச்சு திரும்ப மாட்டுனோம், இன்னைக்கும் ஓடுது. இடுப்பளவு வந்திருந்தா அதுவும் போயிருக்கும், அதையும் சொல்லிடறேன்.

ஆத்தோரம், பள்ளத்துல வீடு இருக்கறவங்களுக்கு நான் சொல்றது பழைய முறை. கிச்சன் மேடைக்கு கீழ கடப்பா கல்லுலயே தடுப்பு போட்டுட்டு, கதவு மட்டும் ப்ளைவுட்ல வைங்க. தண்ணி வருதுன்னு தெரிஞ்சா ஸ்குரூ டிரைவர எடுத்து கதவ கழட்டி மாடிக்கு கொண்டு போயிடலாம். மாடுலர் கிச்சன் பாக்கற கண்ணுக்கு இது பிடிக்காது, தெரியும்.

710-னு முத்திரை இருக்கு, நம்பலாமா?

முத்திரை அடிக்க ஒரு ரப்பர் ஸ்டாம்பு போதுமே. ஐஎஸ்ஐ குறிக்கு மேல ஐஎஸ் நம்பர் இருக்கும், கீழ சிஎம்எல்னு ஆரம்பிக்கற லைசென்ஸ் நம்பர் இருக்கணும். பிஐஎஸ் கேர்னு ஆப் இருக்கு, அதுல அந்த நம்பர போட்டா எந்த கம்பெனி, எந்த ஊரு, லைசென்ஸ் உயிரோட இருக்கான்னு வந்துடும். 2023-ல மத்திய அரசு ப்ளைவுட்டுக்கு ஐஎஸ்ஐ கட்டாயம்னு ஆர்டர் போட்டாங்க, அதனால "ஐஎஸ்ஐ இல்லாத சரக்கு, அதே குவாலிட்டி, ரேட் கம்மி"ன்னு யாராவது சொன்னா வெளிய வந்துடுங்க.

கையால பாக்கறதுக்கும் வழி இருக்கு. விரல் முட்டியால பலகை பூரா தட்டிக்கிட்டே போங்க, ஒரு இடத்துல சத்தம் டொக்குன்னு மாறுனா உள்ள வெனீர் துண்டு துண்டா வச்சு இடைவெளி விட்டிருக்காங்கன்னு அர்த்தம். அங்க ஸ்குரூ போட்டா பிடிக்காது. கனம் அளக்கற வெர்னியர் கொண்டு போங்க, 18 எம்எம்னா 5 சதவீதம் முன்ன பின்ன இருக்கலாம், அதாவது 17.1-க்கு கீழ போகக்கூடாது. 16-ஐ 18-னு விக்கற கூத்து நிறைய நடக்குது. வெயிட்ட வச்சு மட்டும் முடிவு பண்ணாதீங்க, 19 எம்எம் எட்டுக்கு நாலு ஷீட்டு மரத்த பொறுத்து 30-லேர்ந்து 40 கிலோ வரைக்கும் இருக்கும், பாப்லர் லேசு, யூகலிப்டஸ் கனம்.

கடைசியா அடுப்பு டெஸ்ட். கடையில கையளவு துண்டு கேட்டு வாங்கிட்டு வந்து 8 மணி நேரம் கொதிக்க வைங்க. விறகு அடுப்பு இருக்கறவங்க வீட்ல வைங்க, கேஸ்ல வச்சா வீட்டம்மா உங்கள கொதிக்க வச்சுடுவாங்க. பிரிஞ்சு அப்பளம் மாதிரி வந்தா அது 710 இல்ல, 303 பிடபிள்யூஆர் கூட இல்ல. துண்டு தர மாட்டேன்னு சொல்ற கடையில நான் வாங்கறதில்ல.

பாண்டில வாங்குனா டாக்ஸ் கம்மியாமே?

அது வேற சரக்குக்கு. ப்ளைவுட்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், ரெட்டிச்சாவடிக்கு இந்தப் பக்கமும் அதேதான், அந்தப் பக்கமும் அதேதான். 2017 ஜூலைக்கு முன்னாடி வாட் இருந்தப்ப வித்தியாசம் பாத்தவங்க இன்னும் அதையே சொல்லிக்கிட்டு இருக்காங்க. பெரிய கடை நிறைய இருக்கறதால டிசைன், ஸ்டாக் கிடைக்கும், அதுக்காக வேணா போங்க. 50 ஆயிரத்துக்கு மேல பில் போய் வண்டியில பார்டர் தாண்டுனா இ-வே பில் வேணும், கடைக்காரர்கிட்டயே போட சொல்லிடுங்க.

ஆறடி கப்போர்டுக்கு எத்தனை ஷீட்டு சார்?

7 அடி உயரம், 6 அடி அகலம், 2 அடி ஆழம்னு வச்சுக்குவோம். சைடு ரெண்டு, நடு தடுப்பு ஒண்ணு, 14 சதுர அடி வீதம் 42. மேலயும் கீழயும் 24. மூணடி தட்டு ஆறு, 36. கதவு 42. மொத்தம் 144. எட்டுக்கு நாலு ஷீட்டு 32 சதுர அடி, நாலரை வருது, வேஸ்ட் சேத்து 5, டிராயர் வேணும்னா 6. பின்பக்கத்துக்கு 6 எம்எம் தனி.

இதுல ஒண்ணு கவனிங்க, 7 அடி சைடு பலகைய 8 அடி ஷீட்டுல வெட்டுனா ஒவ்வொண்ணுலயும் ஒரு அடி மிச்சம். ஏழுக்கு நாலு ஷீட்டு கடையில இருக்கும், அதை நீளவாட்டுல பொளந்தா ரெண்டு சைடு வேஸ்ட்டே இல்லாம வந்துடும், பிளேடு தின்னற 3 எம்எம் போக. வாங்கறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல கட்டம் போட்டு பாக்க சொல்லி ஆசாரிய உக்கார வைங்க, அரை மணி நேரத்துல ஒரு ஷீட்டு காசு மிச்சமாகும்.

ஆசாரி ஒரே கடைக்குதான் போகணும்னு அடம் பிடிக்கறாரு, கமிஷனா?

இருக்கலாம். ஆசாரி மகனா நானே சொல்றேன், நிறைய கடையில ஷீட்டுக்கு இவ்ளோன்னு உண்டு. ஆனா எல்லாரும் அதுக்காக சொல்றதில்ல, பலகை கெட்டுப்போனா மாத்தி குடுக்கற கடைன்னு நம்பி போறவங்களும் இருக்காங்க, எங்கப்பா அந்த ரகம். நீங்க பண்ண வேண்டியது, கூலிய நியாயமா பேசுங்க. கூலில அடிமாட்டு ரேட்டுக்கு அழுத்துனா அவர் அந்த காச வேற எங்கயாவது எடுக்கத்தான் செய்வாரு. பில் உங்க பேர்ல, கிரேடும் கம்பெனி பேரும் திக்னஸும் எழுதி வாங்குங்க. "ப்ளைவுட் 12 ஷீட்"னு மொட்டையா எழுதுன பில்லுக்கு கேரண்டி கேக்க முடியாது. அந்த கேரண்டியும் பெரும்பாலும் பலகைக்கு மட்டும்தான், பிரிச்சு திரும்ப பண்ற கூலி உங்க தலையில.

கப்போர்டு கதவு வில்லு மாதிரி வளைஞ்சிடுச்சு, ப்ளை மட்டமா?

பத்துல ஏழு தடவை ப்ளை காரணம் இல்ல. வெளிப்பக்கம் 1 எம்எம் மைக்கா ஒட்டிட்டு, உள்பக்கம் காசு மிச்சம்னு பெயின்ட் அடிச்சு விட்டுடறாங்க. ஒரு பக்கம் ஈரம் போகாது, இன்னொரு பக்கம் போகும், வளையாம என்ன பண்ணும்? உள்பக்கமும் 0.8 எம்எம்ல ஒரு வெள்ளை மைக்கா ஒட்டுங்க. ஏழடி உயர ஒத்தக் கதவா இருந்தா ப்ளைக்கு பதிலா பிளாக்போர்டு போடுங்க, உள்ள நீளவாட்டுல மரக்கட்டை அடுக்கியிருக்கறதால நீளத்துல நல்லா விறைப்பா நிக்கும், லேசாவும் இருக்கும். கீல் நாலு. பலகைய வேலை ஆரம்பிக்கற வரைக்கும் சுவத்துல சாய்ச்சு வச்சிருந்தீங்களா? அதுலயே பாதி வளைஞ்சிருக்கும், தரையில கட்டைய போட்டு படுக்க வைக்கணும்.

கப்போர்டுக்குள்ள மாவு மாதிரி கொட்டுது. கரையானா?

கரையான் பெரும்பாலும் மாவு கொட்டாது, மண்ணு கட்டும். சுவத்துல, எலக்ட்ரிக் பைப் வழியா, தரை ஓரத்துல மண் கோடு போட்டுக்கிட்டு தரையிலேர்ந்து ஏறும். அதுக்கு வீடு கட்டும்போதே அஸ்திவாரத்துல மருந்து அடிக்கணும், கட்டிட்டீங்கன்னா தரை ஓரமா ஓட்டை போட்டு மருந்து ஏத்தலாம்.

மாவு கொட்டுச்சுன்னா வண்டு. குண்டூசி ஓட்டை மாதிரி இருக்கும், கீழ டால்கம் பவுடர் மாதிரி குவியல். மரத்துல இருக்கற மாவுச்சத்த தின்னற பூச்சி, ரப்பர் மரம்னா அதுக்கு கறிக்கொழம்பு. மருந்து ஏத்தாத வெனீர்லேர்ந்தே வந்திருக்கும், உங்க வீட்டு சுத்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. ரெண்டு மூணு ஓட்டைன்னா சிரிஞ்சுல மருந்து விட்டு மெழுகு வச்சு அடைங்க, நிறைய இருந்தா அந்த பலகைய கழட்டி தூர போடுங்க, பக்கத்து பலகைக்கு போறதுக்குள்ள.

பண்ருட்டி பக்கம் பலா மரம் கிடைக்குது, அதுலயே பண்ணா ப்ளைவுட் எதுக்கு?

நல்ல பலா கிடைச்சா வாசக்கால், கதவு, கட்டில் அதுலயே பண்ணுங்க, நான் தடுக்க மாட்டேன். 2011 டிசம்பர் 30 தானே புயல்ல பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் தோப்பு தோப்பா சாஞ்சுது, அந்த பலாவ அறுத்து காயவச்சு கதவு பண்ணவங்க வீட்ல இன்னைக்கும் மஞ்சளா மின்னுது. பாண்டில அரவிந்தர் ஆசிரமத்தோட கோல்கொண்ட் விடுதிக்கு 1930-கள்ல வேலை பாக்க வந்த கட்டிடக் கலைஞர் ஜார்ஜ் நகாஷிமா தேக்குல பண்ண சாமான்க பத்தி கட்டிடக்காரங்க இன்னும் பேசறாங்க. ஆனா 2 அடி அகல தட்டு ஒரே மரப்பலகையில கிடைக்காது, ஜாயின்ட் அடிச்சா வெயில்ல ஒரு தரம் மழையில ஒரு தரம் விரியும் சுருங்கும். அகலமான வேலைக்கு ப்ளை, நீளமான சட்ட வேலைக்கு மரம்.

டபிள்யூபிசி, எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு?

டபிள்யூபிசி, அதாவது மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை, பாத்ரூம் கதவுக்கு சூப்பர், தட்டுக்கு போட்டா வெயிட்ல தொங்கும். எம்டிஎஃப் டிசைன் வெட்ட நல்லது, தண்ணி ஆகாது. பார்ட்டிகிள் போர்டு வாடகை வீட்டுக்கு, அதுவும் மாடியில.

புது கப்போர்டு திறந்தா கண்ணு எரியுது.

பசையில இருக்கற ஃபார்மால்டிஹைடு. யூரியா பசையில கொஞ்சம் அதிகமா வரும். ஈ1, ஈ0-ன்னு போட்ட பலகை வாங்குனா கம்மி. கதவ திறந்து ஜன்னல் திறந்து ஃபேன போட்டு ஒரு மூணு நாலு வாரம் விடுங்க. கைக்குழந்தை இருக்கற ரூம்ல வேலை வைக்கறதா இருந்தா குழந்தைய அம்மா வீட்டுக்கு அனுப்பற நேரமா பாத்து வைங்க. ஓரம் எல்லாம் அடைச்சு ரெண்டு பக்கமும் மைக்கா ஒட்டுனா வாசனையும் குறையும், அதான் மேல சொன்னேனே அந்த ஓரம்.

மழைக்காலத்துல வேலை ஆரம்பிக்கலாமா?

அக்டோபர் பாதிலேர்ந்து டிசம்பர் கடைசி வரைக்கும் நான் புதுசா மைக்கா ஒட்டற வேலை எடுக்கறதில்ல. பசை காயாது, பலகை கடையிலேர்ந்து வர்ற வழியிலயே நனையும், கரண்டும் போயிட்டு போயிட்டு வரும். தை பொறந்ததும் வாங்க. அதுக்குள்ள அவசரம்னா வெட்டற வேலைய மட்டும் முடிச்சு வைக்கலாம்.

சென்ட்ரிங்க்கு போட்ட பழைய ப்ளை சும்மா கிடக்கு, ஷெல்ஃபு பண்ணலாமா?

கோழி கூண்டுக்கு பண்ணுங்க. சிமென்ட் ஒட்டுன பலகையில ரம்பம் போட்டா பல்லு போயிடும், ஆசாரி திட்டுவாரு.